அங்கி அணியாதவர்கள்

சைதாப்பேட்டையிலிருந்து கிண்டிக்குப் போக அடையாற்றைக் கடக்க வேண்டும். அதற்கு மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. நம் வகுப்பில் தி.நகர், மாம்பலம் பக்கத்திலிருந்து வருகிற நண்பர்கள் பலர் தினமும் இரண்டு முறை அதில் போய் வருகிறார்கள். இப்போதிருக்கும் பாலம் சுதந்திரத்துக்குப் பிறகு கட்டியது. அதே இடத்தில் முதலில் இருந்த பாலத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் மார்மலாங் பாலம். மாம்பலம்தான் அவர்கள் வாயில் மார்மலாங் ஆகிவிட்டது என்பார்கள். அந்தப் பாலத்தைக் கம்பெனி அரசாங்கம் கட்டவில்லை. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி 1726-ல் தன் சொந்தப் பணத்தில் கட்டினார்.

ஒரு வியாபாரி எதற்காக ஆற்றுக்குப் பாலம் கட்ட வேண்டும்? பரங்கிமலைக்குப் போகிறவர்களுக்காக! இயேசுவின் சீடரான தோமையார் அந்த மலையில்தான் கொல்லப்பட்டார் என்பது பழைய நம்பிக்கை. மலைக்குப் போகிற பக்தர்கள் ஆற்றில் தண்ணீர் வந்தால் கரையிலேயே நிற்க வேண்டியிருந்தது. உஸ்கான் பாலம் கட்டினார். மலைமேல் ஏறுவதற்குப் படிகளும் கட்டினார். இறக்கும்போது அவற்றைப் பராமரிக்கவும் பணம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் பாதிரியார் இல்லை, துறவி இல்லை. கடல் கடந்து மணிலா வரை வியாபாரம் செய்த சாதாரண விசுவாசி.

இந்தக் கட்டுரை அவரைப் போன்றவர்களைப் பற்றியது. கிறிஸ்தவ சபைகளில் பூசையோ ஆராதனையோ நடத்தும் உரிமை இல்லாமல், ஆனால் பணத்தையும் சாவியையும் கணக்கையும் சில சமயம் கருத்தையும் கையில் வைத்திருந்தவர்கள். இவர்களைச் சொல்லத் தமிழில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வார்த்தை இல்லை என்பதே சுவாரஸ்யமான விஷயம். கத்தோலிக்கர்கள் 'பொதுநிலையினர்' என்கிறார்கள். சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைகளில் 'சபையார்' என்பார்கள், கூட்டங்களில் 'லே மெம்பர்' என்றே சொல்லிவிடுவார்கள். குருவானவரை 'ஐயர்' என்று கூப்பிடும் பழக்கம் பழைய குடும்பங்களில் இன்னும் உண்டு. (மயிலாப்பூரில் இருந்துகொண்டு "எங்க ஐயர் ஞாயித்துக்கிழமை நல்லா பிரசங்கம் பண்ணினார்" என்று சொன்னால் கேட்பவர் ஒரு நிமிடம் குழம்பத்தான் செய்வார்!)

சென்னைக் கதைக்குள் போகும் முன் பைபிளில் இருக்கும் ஒரு சம்பவத்தைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் இவர்களின் வேலை என்ன, குணம் என்ன என்று பேசுகிற எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். எருசலேமில் இருந்த ஆரம்பகால சபையில் தினமும் ஏழைகளுக்குச் சாப்பாடு பங்கிடப்பட்டது. அதில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அதாவது, சபையில் நடந்த முதல் நிர்வாகத் தகராறே மொழிச் சிறுபான்மையினர் பந்தியில் விடுபட்டது பற்றித்தான்! அப்போஸ்தலர்கள், "நாங்கள் போதிக்கிற வேலையைப் பார்க்கிறோம், இதைக் கவனிக்க ஏழு பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்ற பொருளில் சொல்லிவிட்டார்கள். நற்சாட்சி பெற்றவர்களாக, ஞானமுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழு பேர் தேர்வானார்கள்.

இதில் பெரும்பாலான பிரசங்கங்களில் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஏழும் கிரேக்கப் பெயர்கள். 'எங்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை' என்று புகார் சொன்ன தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. பெரும்பான்மையினர் தங்களில் நல்லவர்களாக ஏழு பேரைப் பார்த்து வைத்து, "இனிமேல் சரியாகப் போடுவார்கள், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பின்னால் இந்த ஏழு பேரையே முதல் டீக்கன்கள் என்று சொல்லி, அந்தப் பதவியையும் குருத்துவத்தின் ஒரு படியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு அவர்களுக்குக் கொடுத்த வேலை பந்தி விசாரிப்பது.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 3-ஆம் அதிகாரத்தில் இதே வேலைக்கான குணங்கள் இருக்கின்றன. இரட்டை நாக்கு கூடாது, மதுவுக்கு அடிமையாக இருக்கக் கூடாது, இழிவான ஆதாயத்தில் ஆசை கூடாது, தன் வீட்டை ஒழுங்காக நடத்தியிருக்க வேண்டும், முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பொறுப்புக் கொடுக்க வேண்டும். பெரிய ஞானி வேண்டும் என்றோ பேச்சாளர் வேண்டும் என்றோ அதில் இல்லை. ஒரு கூட்டுறவு வங்கிக்குக் காசாளர் தேடுகிற மாதிரிதான் இருக்கிறது.

காசாளர் குணம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சோகமான உதாரணம் உண்டு. அதற்கு உஸ்கானிடமே திரும்பிப் போக வேண்டும்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். உஸ்கானைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார். சொத்தை இழந்து தரங்கம்பாடிக்குப் போனார். 1749-ல் ஆங்கிலேயர் ஊரைத் திரும்பப் பெற்றதும், பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று கத்தோலிக்கர்கள் மேல் குற்றம் சாட்டி அவர்களுடைய கோயில்களைப் பறிக்க ஆரம்பித்தார்கள். வேப்பேரியில் உஸ்கான் ஆதரித்து வந்த அற்புத மாதா சிற்றாலயம் மட்டும் அவர் உயிரோடு இருந்தவரை தப்பித்தது. 1751-ல் அவர் இறந்தார். அடுத்த வருஷமே அந்தக் கோயில் கத்தோலிக்கர் கையை விட்டுப் போய்ப் புராட்டஸ்டண்ட் மிஷனுக்குப் போனது. ஒரு தனி மனிதரின் செல்வாக்கை நம்பி நின்ற கோயில், அவர் போனதும் போய்விட்டது. அவருடைய கல்லறை இன்றும் அங்கே, இப்போதைய செயின்ட் மத்தியாஸ் ஆலய வளாகத்தில்தான் இருக்கிறது. கத்தோலிக்க மடத்துக்கு உதவியவர் புராட்டஸ்டண்ட் தோட்டத்தில் உறங்குகிறார்.

அந்தக் கோயிலைப் பெற்றுக்கொண்ட மிஷனரி யோஹான் பிலிப் பெப்ரிசியஸ். தமிழ் படித்தவர்கள் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ் பைபிளை மறுபடி மொழிபெயர்த்தவர், 1779-ல் தமிழ் - ஆங்கில அகராதி வெளியிட்டவர். அவருடைய மொழிபெயர்ப்பைத் தமிழ் லூத்தரன்கள் தலைமுறை தலைமுறையாக விடாமல் வைத்திருந்தார்கள். சொந்த வாழ்க்கையில் எளிமையான மனிதர் என்றே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மிஷன் பணத்தையும், நம்பிக் கொடுத்தவர்களின் பணத்தையும் நவாபைச் சேர்ந்தவர்களுக்கு வட்டிக்கு விட்டார். அந்தக் காலத்துச் சென்னையில் இது அதிசயமில்லை. ஊரே நவாபுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. பணம் திரும்பவில்லை. கடன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அகராதி எழுதிய அந்த முதியவர் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1788-ல் பொறுப்பு கெரிக்கே என்ற இன்னொரு மிஷனரியிடம் போனது. 1791-ல் பெப்ரிசியஸ் இறந்தார்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். பக்திக்கும் பணக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. பெப்ரிசியஸ் தனக்காக ஒரு காசும் எடுக்கவில்லை. ஆனால் "ஐயா, இந்தக் கடன் வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தோடு பக்கத்தில் ஒருத்தர் இருந்திருந்தால்?

அப்படி ஒரு ஏற்பாடு அதே ஊரில் இருக்கத்தான் செய்தது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் கோயில். 1678-ல் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில் அஸ்திவாரம் போட்டு 1680-ல் திறந்தார்கள். கம்பெனி பணம் கொடுக்கவில்லை. மாஸ்டர் முதல் ஆளாகப் பெயர் எழுதி, கோட்டையில் வேலை பார்த்தவர்கள் வராகன் வராகனாகச் சந்தா போட்டுக் கட்டிய கோயில் அது. சபையார் பணம் போட்டதால் சபையாரே கணக்கும் பார்த்தார்கள். வெஸ்ட்ரி என்ற கூட்டம், சர்ச் வார்டன்கள் என்ற பொறுப்பாளர்கள், வருஷா வருஷம் தேர்தல். கோயில் நிதியை வட்டிக்கு விட்டு அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள்; 1715-ல் ஆரம்பித்த தர்மப் பள்ளிக்கூடமும் இந்த ஏற்பாட்டில்தான் வளர்ந்தது. இவர்களும் வட்டிக்குத்தான் விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஒருவர் மட்டும் முடிவு செய்யவில்லை, எழுதி வைத்தார்கள், கேட்க ஆள் இருந்தது.

அதற்காகச் செயின்ட் மேரீஸ் சபையார் எல்லாம் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கோயிலில் நடந்த முதல் கல்யாணமே எலிஹு யேல் உடையது. ஆமாம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர்தான். பின்னால் சென்னைக்குக் கவர்னராகி, பதவியைப் பயன்படுத்திச் சொந்தப் பையை நிரப்பினார் என்ற குற்றச்சாட்டில் 1692-ல் நீக்கப்பட்டார். வெஸ்ட்ரி இருந்ததால் மனிதர்கள் திருந்திவிடவில்லை. கோயில் பணமாவது தப்பியது.

இப்போது சபைகளில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சி.எஸ்.ஐ. சபையில் 'பாஸ்டரேட் கமிட்டி' என்று ஒன்று இருக்கும். தென் மாவட்டங்களில் 'சேகர கமிட்டி' என்பார்கள். குருவானவர்தான் அதற்குத் தலைவர். செயலர், பொருளாளர் எல்லாம் சபையாரிலிருந்து தேர்தலில் வருகிறவர்கள். ஒழுங்காகச் சந்தா கட்டித் திருவிருந்தில் பங்கு பெறும் அங்கத்தினர்களுக்குத்தான் ஓட்டு. ஆராதனை முடிந்ததும் காணிக்கையை வெஸ்ட்ரி அறையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எந்த விலைக்குப் போனது என்பது வரைக்கும் கணக்கு உண்டு. சொத்து கமிட்டியின் பெயரில் இல்லை. சி.எஸ்.ஐ.டி.ஏ. என்ற கம்பெனிச் சட்டப்படி பதிவான டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கிறது. எனவே ஒரு சபைச் செயலர் சாவி வைத்திருப்பவர்தானே தவிர வீட்டுக்காரர் கிடையாது.

நம் வகுப்பு நண்பன் ஒருவனுடைய அப்பா ஒரு வருஷம் சபைத் தேர்தலில் நின்றார். நோட்டீஸ், வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, இரண்டு அணி என்று கார்ப்பரேஷன் தேர்தல் போலவே இருந்தது என்று சொல்லிச் சிரித்தான். "ஜெயிச்சா என்ன பண்ணுவார்?" என்று கேட்டேன். "எதிர் அணி கட்டின காம்பவுண்ட் சுவரை இடிப்பார்" என்றான். விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

கத்தோலிக்கர்களின் ஏற்பாடு வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் பொதுநிலையினரின் பணி பற்றித் தனியாகவே ஓர் ஆவணம் வெளியிட்டது. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். பங்குப் பேரவைக்கோ ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான், முடிவு பங்குத்தந்தையுடையது. சாந்தோமிலோ பெசன்ட் நகரிலோ பெரிய திருவிழாக்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, பந்தல், ஒலிபெருக்கி, தண்ணீர் எல்லாம் பார்க்கிறவர்கள் முழுக்க முழுக்கப் பொதுநிலையினர்தான். அவர்களுக்கு வேலை நிறைய, ஓட்டு இல்லை. சி.எஸ்.ஐ.யில் ஓட்டு உண்டு. எது நல்லது என்று கேட்டால், சண்டை குறைவாக இருப்பது முதலாவதில், கேள்வி கேட்க வழி இருப்பது இரண்டாவதில் என்று சொல்லலாம்.

ஆனால் சபையார் கையில் அதிகாரம் வந்தால் நியாயம் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் மிகப் பெரிய பொதுநிலைத் தலைவர்களில் ஒருவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864). சரபோஜி மன்னரின் நண்பர், 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர், அவர் பாடல்கள் இல்லாமல் தமிழ் ஆராதனை இல்லை. புதிதாக வந்த இளம் மிஷனரிகள் பாட்டையும் பைபிள் மொழிபெயர்ப்பையும் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றியபோது, அஞ்சாமல் எதிர்த்தார். அந்த எதிர்ப்பில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் கோயிலில் வேளாளரும் தாழ்த்தப்பட்டவர்களும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க வேண்டும் என்று மிஷனரிகள் சொன்னதையும் அதே மூச்சில் எதிர்த்தார். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். எருசலேமில் முறுமுறுத்தவர்களிடம் கரண்டியைக் கொடுத்தார்கள். இங்கே கரண்டி வைத்திருந்தவர்கள், முறுமுறுத்தவர்களைப் பந்தியிலேயே பக்கத்தில் உட்காரவிட மாட்டோம் என்றார்கள். சாஸ்திரியாரின் பாடல்களை ரசிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும்.

இன்னொரு கூட்டமும் கரண்டி பக்கமே வரவில்லை. 1860-களில் சிந்தாதிரிப்பேட்டை சபையின் குருவானவர் டபிள்யூ.டி. சத்தியநாதன். அவர் மனைவி அன்னா சத்தியநாதன், வீட்டை விட்டு வெளியே வர முடியாத இந்துப் பெண்களுக்கு அவர்கள் வீட்டிலேயே போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்து, பெண் பள்ளிகளும் நடத்தினார். சபையின் வேலையில் பாதி அது. ஆனால் அவரைப் போன்ற பெண்கள் கமிட்டி மேஜைக்கு வர வெகுகாலம் ஆயிற்று.

இனி இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இதுவரை பார்த்தவர்கள் பணம் கொடுத்தவர்கள், கணக்குப் பார்த்தவர்கள். 'சபை என்பது என்ன, அது யாருடையது' என்று கேட்டவர்களும் சென்னையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் டாக்டர்களும் வக்கீல்களும்!

முதலில் டாக்டர். பழனி ஆண்டி. ஆங்கிலத்தில் 'புல்னி ஆண்டி' என்று எழுதுவார்கள். பிரிட்டனுக்குப் போய் 1860-ல் எம்.டி. பட்டம் பெற்ற இந்தியர். அங்கே அந்தப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் என்று இவரைச் சொல்வதுண்டு. மலபாரில் அம்மை குத்தும் துறையில் வேலை பார்த்தபோது, 1863-ல் கோழிக்கோட்டில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் எந்த மிஷன் சபையிலும் சேர மாட்டேன் என்று இருந்தார். ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன் என்ற பிரிவுகள் எல்லாம் ஐரோப்பாவில் நடந்த சண்டைகள், அதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. 1886 செப்டம்பரில் சென்னையில் 'தேசிய சபை' என்று ஒன்றை ஆரம்பித்தார். வெளிநாட்டுப் பணம் கிடையாது, மிஷனரி கிடையாது, பிரிவு கிடையாது. காங்கிரஸ் கட்சி பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்! 1909-ல் அவர் இறந்தபின் அந்தச் சபை மெல்லத் தேய்ந்து போனது. உஸ்கானின் வேப்பேரிக் கோயிலுக்கு ஆன கதைதான் இதற்கும்.

அடுத்து வக்கீல்கள். வே. சக்கரை செட்டியார் 1880-ல் சென்னையில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வில்லியம் மில்லரிடம் படித்து, 1903-ல் ஞானஸ்நானம் பெற்றார். தொழிற்சங்க வரலாறு படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் வேறு இடத்தில் தெரிந்திருக்கும். திரு.வி.க., சிங்காரவேலர் காலத்துத் தொழிலாளர் தலைவர் சக்கரை செட்டியார் இவரேதான். ஹோம்ரூல், ஒத்துழையாமை என்று எல்லாவற்றிலும் இருந்தார். 1941-ல் சென்னை மேயர் ஆனார். பின்னாளில் ஏ.ஐ.டி.யூ.சி.யின் அகில இந்தியத் தலைவராகவும் இருந்தார். இடையில் 1926-ல், இயேசுவை 'அவதாரம்' என்ற நம் ஊர்ச் சொல்லால் விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். அது இன்றும் இறையியல் கல்லூரிகளில் பாடம்.

இன்னொருவர் பி. செஞ்சய்யா. 1886-ல் நெல்லூரில் பிறந்தவர், சக்கரையின் மைத்துனர் முறை. இவரும் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர், சட்டம் படித்துப் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். இவர்களும் நண்பர்களும் சேர்ந்து 'கிறிஸ்தோ சமாஜம்' நடத்தினார்கள். பிரம்ம சமாஜம், ஆரிய சமாஜம் என்ற பெயர்களைக் கேட்ட காதுக்கு இந்தப் பெயரின் நோக்கம் புரிந்துவிடும்.

1938 டிசம்பரில் தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு நடந்தது. பல நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் வந்தார்கள். மாநாட்டுக்காகவே ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் ஒரு பெரிய புத்தகம் எழுதியிருந்தார். மற்ற மதங்களுக்கும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் இடையில் தொடர்ச்சி இல்லை என்பது அதன் சாரம். சென்னைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஏ.என். சுதரிசனம் பதிப்பில் 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா' என்ற பதில் புத்தகம் மாநாட்டு நேரத்திலேயே வெளிவந்தது. எழுதியவர்களில் சக்கரையும் செஞ்சய்யாவும் உண்டு. திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் அமைத்த டாக்டர் ஜேசுதாசனும் உண்டு. இவர்கள் மூவருமே அங்கி அணியாதவர்கள். அரசியல் விஞ்ஞானிகளும் பத்திரிகையாளர்களும் இருந்த கூட்டம் அது. குருமார்களும் பேராசிரியர்களும் உலகெங்கிலும் இருந்து வந்து உட்கார்ந்திருந்த மாநாட்டுக்கு எதிரே, ஒரு நீதிபதியும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் இறையியல் பேசினார்கள்!

அவர்கள் சொன்னதில் நம் விஷயத்துக்குச் சம்பந்தப்பட்டது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். செஞ்சய்யாவுக்குக் கிறிஸ்து என்ற மனிதரோடு நேரடியாக ஏற்படும் பிணைப்புதான் எல்லாம். சபை என்ற நிறுவனம், அதன் பதவிகள், சொத்துக்கள், சட்டங்கள் எல்லாம் மேற்கிலிருந்து வந்த மூட்டை என்று நினைத்தார். இந்தியாவுக்கு ஆசிரமம் போதும் என்றார். அந்த நாட்களில் தென்னிந்திய சபைகள் ஒன்று சேரும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேராயர் யார், குருப்பட்டம் எப்படிச் செல்லும் என்பதிலேயே ஆண்டுக்கணக்காக விவாதம். இந்தக் கூட்டத்தார் அதை விமர்சித்தார்கள். சேருங்கள், ஆனால் சேர்ந்து ஒரு பெரிய அலுவலகத்தைக் கட்டாதீர்கள் என்பதுதான் அவர்கள் கவலை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு நேர் எதிராக நிறுவனத்துக்குள்ளேயே நின்று வேலை செய்தவர் சேலம் கே.டி. பால் (1876 - 1931). 1905-ல் இந்தியர்களே நடத்தும் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலர், 1930-ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். கிராமங்களில் கடன் சங்கங்கள் வேண்டும் என்று அலைந்தவர். ஒய்.எம்.சி.ஏ. என்பதே சபையார் இயக்கம்தான். நம் நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் ஆரம்பித்த ஹாரி பக் என்ற அமெரிக்கரும் பாதிரியார் இல்லை, விளையாட்டு வாத்தியார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவர் அவர். பால் போன்றவர்களைப் படிக்கும்போது செஞ்சய்யா நிறுவனத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வெறுத்துவிட்டாரோ என்று தோன்றும். பழனி ஆண்டியின் சபை நிற்கவில்லை. கிறிஸ்தோ சமாஜமும் இன்று இல்லை. ஒய்.எம்.சி.ஏ. மைதானம் இருக்கிறது.

1947 செப்டம்பர் 27. கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. பேராயர்களும் குருமார்களும் இருக்கும் சினாடில் சபையாரின் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்கார்ந்து ஓட்டுப் போடுவார்கள் என்று சட்டம் எழுதினார்கள். உலக அளவில் அது பெரிய முன்னேற்றம். ஆங்கிலிகன் வார்டன்களும் பிரெஸ்பிடேரியன் மூப்பர்களும் தனித்தனியாகச் செய்து வந்த வேலை ஒரே அமைப்பில் வந்தது.

அந்த ஓட்டு இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஊருக்கு நடுவில் இருக்கும் நிலங்கள், பள்ளிகள், கல்லூரி சீட்டுகள், வேலை நியமனங்கள் எல்லாம் கமிட்டிகளின் வழியாகப் போகும்போது, கமிட்டி தேர்தல் வெறும் கமிட்டி தேர்தலாக இருப்பதில்லை. தேர்தல் வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சினாட் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற இரண்டு நீதிபதிகளை நியமித்தது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. செஞ்சய்யாவும் ஒரு நீதிபதிதான். 86 வருஷங்களுக்கு முன் அவர் எழுதியதை அந்த வழக்குக் கட்டில் யாராவது சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதில் எனக்குப் புரியாத கேள்வி ஒன்று உண்டு. 1938-ல் சென்னையில் ஒரு வக்கீலோ டாக்டரோ சபை எப்படி இருக்க வேண்டும் என்று புத்தகம் எழுத முடிந்தது. அவர்களில் யாரும் தேர்தலில் ஜெயித்து அந்த உரிமையைப் பெறவில்லை. ஓட்டுரிமை வந்த பிறகு, அதே படித்த சபையார் ஏன் சுவர், ஏலம், டெண்டர் என்று மட்டும் பேசுகிறார்கள்? குருமார்கள் விடவில்லையா? இறையியல் கல்லூரிகள் வந்து, அதெல்லாம் பட்டம் வாங்கியவர்கள் வேலை என்று ஆகிவிட்டதா? பெப்ரிசியஸுக்குக் கணக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது போல, இன்றைக்குக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு வேறு ஏதோ சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

சக்கரை செட்டியார் 1958-ல் இறந்தார், செஞ்சய்யா அடுத்த வருஷம். தென்னிந்தியத் திருச்சபை உருவாகிப் பத்து வருஷங்களுக்கு மேல் இருவரும் அதே காலத்தில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய 1938 புத்தகத்தைத் தேடுகிறவர்கள் பழைய புத்தகக் கடைகளில் அலைய வேண்டாம், இறையியல் கல்லூரி நூலகங்களில் கேளுங்கள். ஆங்கிலம்தான். கடினமான ஆங்கிலமும்கூட. முழுசாகத் தமிழில் வந்தால் பாஸ்டரேட் கமிட்டி மெம்பர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம், சபைச் செலவிலேயே. நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு.